யாழின் தொடக்க வளர்ச்சி

யாழ் என்பது பண்டைத் தமிழர் பயன்படுத்திய நரம்பிசைக் கருவி ஆகும். வளைந்த கோடு, அதன் அடியில் தோல் போர்த்த பத்தர், இரண்டையும் இணைத்து இழுத்துக் கட்டிய நரம்புகள் ஆகியவை இதன் அடிப்படை அமைப்பு. ஒரு நரம்பு ஒரே சுரத்தைத் தரும். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் இதில் இல்லை. எனவே எத்தனை சுரங்கள் வேண்டுமோ அத்தனை நரம்புகள் தேவைப்பட்டன.

சங்க நூல்கள் முதல் பக்தி இலக்கியம் வரை சிறப்பாகப் பேசப்பட்ட யாழ், பின்னர் வழக்கொழிந்தது. பழைய கருவி ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் முழுமையாகக் கிடைக்கவில்லை. இலக்கிய வருணனைகள், உரையாசிரியர்களின் விளக்கங்கள், சிற்பங்கள், பிற நாடுகளில் இன்றும் வாழும் இதன் உறவுக் கருவிகள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டே இதன் வரலாறு எழுதப்படுகிறது. வேட்டை வில்லிலிருந்து யாழ் தோன்றியது என்னும் கருத்து, அதற்கான சான்றுகள், யாழின் உறுப்புகளும் வகைகளும், அது மறைந்த விதம் ஆகியவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பெயர்

யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளைக் கட்டும் முறை யாப்பு எனப்படுகிறது. நரம்புகளைக் கோட்டில் கட்டி அமைத்த கருவி ஆதலால் யாழ் எனப் பெயர் பெற்றது என்று சிலர் கருதுகின்றனர். கோட்டின் நுனியில் யாளியின் தலை செதுக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது என்பாரும் உண்டு.

யாழ் என்னும் சொல் கருவியை மட்டும் குறிக்கவில்லை. பாலையாழ், குறிஞ்சியாழ், மருதயாழ், செவ்வழியாழ் என்பன பெரும்பண்களின் பெயர்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு யாழையும் சேர்க்கிறது. அங்கு யாழ் என்பது அந்த நிலத்துக்கு உரிய பண்ணைக் குறிக்கும் என்பர். அதேபோல் நரம்பு என்னும் சொல்லும் கருவியின் தந்தியைக் குறித்ததோடு நில்லாமல், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. தமிழிசையின் கலைச்சொற்கள் பல இக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு உருவானவை என்பதற்கு இது போதிய சான்று.

வில்லும் வில்யாழும்

இழுத்துக் கட்டிய நாணை விரலால் தெறித்தால் ஒலி எழும். வில்லேந்திய மக்கள் அனைவரும் இதை அறிந்திருப்பர். நாணின் ஒலி மெல்லியது. வில்லின் ஒரு பகுதியை வாயருகே வைத்தாலோ, சுரைக்குடுக்கை போன்ற உள்ளீடற்ற பொருளொன்றை அதனோடு சேர்த்தாலோ அவ்வொலி பெருகும். ஆப்பிரிக்காவின் பல இனத்தாரிடம் இத்தகைய இசைவில் இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு நாணுக்குப் பக்கத்தில் அதைவிடக் குறுகிய இன்னொரு நாண், அதற்குப் பக்கத்தில் மற்றொன்று எனக் கட்டினால் பல சுரங்கள் கிடைக்கும். வளைந்த யாழ் பிறந்த வழி இதுவே என்பது இசைக்கருவி ஆய்வாளர் பலரின் கருத்து.

தமிழ் இலக்கியத்தில் இந்த இடைநிலைக் கருவி பெயரோடு குறிப்பிடப்படுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்து இடையன் ஒருவன் வருகிறான். கன்றுகளோடு கூடிய ஆநிரையுடன் காட்டில் தங்குகிறான். தீக்கடைகோலால் நெருப்புண்டாக்கி, அக்கொள்ளியால் துளையிட்ட குழலில் பாலைப் பண்ணை இசைக்கிறான். அது சலித்தபின் குமிழ மரத்தின் உள்துளை உடைய கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டிய வில்யாழில் குறிஞ்சிப் பண்ணை வாசிக்கிறான். அதைத் தம் இனத்தின் ஓசை என்று எண்ணி வண்டுகள் செவிகொடுக்கின்றன.

இந்தச் சிறு வருணனையில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, வில்யாழின் கோடு உள்ளீடற்றது. தனியே பத்தர் இல்லாத நிலையில் கொம்பின் துளையே ஒலியைப் பெருக்கியிருக்கலாம். இரண்டாவது, நரம்பு விலங்கிலிருந்து வந்ததன்று, செடியின் நார். மூன்றாவது, அதில் ஒரு பண்ணை முழுமையாக வாசிக்க முடிந்தது. எனவே அது ஒற்றை நாண் உடையதாக இருந்திருக்க முடியாது.

மரல் என்பது இன்று மருள் எனப்படும் செடி. தடித்து நீண்ட இலைகளில் வரிவரியாகப் பட்டைகள் இருக்கும். இதன் நார் மிக உறுதியானது. ஆங்கிலேயர் இச்செடி இனத்துக்கு வில்நாண் சணல் என்ற பொருளில் பெயரிட்டனர். வில்லுக்கு நாணாகத் தகுந்த நாரே இடையனின் யாழுக்கு நரம்பாயிற்று என்பது வில்லுக்கும் யாழுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு குறிப்பு.

திருக்குறளும் இந்த உறவை நினைவூட்டுகிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வள்ளுவர், நேராக இருக்கும் அம்பு கொடியது, வளைந்த கோடுடைய யாழ் இனியது, ஆகவே மனிதரையும் தோற்றத்தால் அன்றிச் செயலால் அறிக என்கிறார். யாழ் என்றதும் வளைவு நினைவுக்கு வருவதும், அதற்கு எதிராக அம்பை நிறுத்துவதும் அக்காலத்தவர் கண்ட கருவியின் வடிவத்தைத் தெளிவாக்குகின்றன. வள்ளுவர் காலத்து யாழ் வில்போல் வளைந்தே இருந்தது.

வறண்ட நிலமும் யாழின் பொருள்களும்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்துள்ள பாளையம்பட்டி முதல் குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழி வரை பரந்திருப்பது மழையை நம்பிய மானாவாரி நிலம். 1985இல் புதிய மாவட்டம் அமையும் வரை இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. கண்மாய்ப் பாசனம், கரிசல் புன்செய், முட்புதர்க் காடு, ஆட்டுக்கிடை ஆகியவை இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். திருச்சுழியில் உள்ள திருமேனிநாதர் கோயில் சுந்தரரின் தேவாரம் பெற்ற பாண்டிய நாட்டுத் தலம்.

பெரும்பாணாற்றுப்படை கூறும் நிலம் தொண்டை நாட்டைச் சேர்ந்தது. ஆயினும் அதில் வரும் பொருள்கள் வறண்ட நிலம் எங்கும் காணக்கூடியவை. நிலக்குமிழ் முட்புதர்க் காடுகளில் வளரும் செடி. மருள் பாறை இடுக்கிலும் வேலியோரத்திலும் தானாகவே முளைக்கும். இரண்டுக்கும் நீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆடு மாடு மேய்ப்பவர் கையில் அரிவாளும் நீண்ட பகற்பொழுதும் இருந்தன. யாழின் எளிய வடிவத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நன்செய் நாட்டு அரண்மனைகளில் பொன்னும் மணியும் பதித்து விளங்கிய கருவியின் எளிய உறவுக்கருவி, மேய்ச்சல் நிலத்துப் பொருள்களால் ஆனது.

தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீண்ட வில்லில் தோல்நாண் பூட்டி, மணிகள் கோத்து, வில்லை மண்குடத்தின் கழுத்தோடு கட்டி, வீசுகோலால் நாணை அடித்துக் கதை சொல்வது இக்கலையின் முறை. 1928இல் பிறந்து 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் இதை நகரங்களுக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றார். வில்லுப்பாட்டின் வில் சுரம் பிரித்து இசைப்பதற்கு உரியதன்று, தாளத்துக்கு உரியது. ஆகவே யாழின் நேர் வாரிசு என்று அதைச் சொல்ல முடியாது. எனினும் வில்லையும் உட்குழிந்த பாண்டத்தையும் ஒன்றாகக் கட்டினால் அது இசைக்கருவியாகும் என்னும் எண்ணம் இம்மண்ணில் எவ்வளவு இயல்பானது என்பதை அது காட்டுகிறது. குடம் வில்லோடு நிலையாக ஒட்டிக்கொண்டால் அதுவே பத்தர்.

வில்யாழ் முந்தியதா?

வில்யாழ் முதல் நிலை, பத்தருடைய யாழ் அடுத்த நிலை என்று வரிசைப்படுத்துவது எளிது. ஆனால் இலக்கியச் சான்று அதை நேரடியாக மெய்ப்பிக்கவில்லை. இடையனின் வில்யாழைக் கூறும் அதே பெரும்பாணாற்றுப்படை, தன் தொடக்கத்திலேயே பாணனின் யாழை விரிவாக வருணிக்கிறது. அந்த யாழ் சாயமூட்டிய தோலும் கருமணி போன்ற கோடும் பொன்னை வார்த்தாற்போன்ற நரம்பும் உடையது. அதாவது இரு கருவிகளும் ஒரே காலத்தில் வழங்கின. இடையன் பாணனின் யாழைக் கண்டு எளிய பொருளில் அதன் சாயலைச் செய்துகொண்டான் என்று ஒருவர் வாதிடவும் இடமுண்டு.

எனவே வில்லிலிருந்து யாழ் என்னும் வரிசை, காலக் குறிப்பிலிருந்து அன்றி வடிவத்திலிருந்து பெறப்படுவது. அதற்கு மூன்று காரணங்கள் வலுவூட்டுகின்றன. தமிழ் யாழில் கோட்டின் நுனியையும் பத்தரையும் தாங்கும் முன்தூண் இல்லை. ஐரோப்பாவின் பிற்கால யாழ்களில் அத்தூண் உண்டு. தூண் இல்லாத வளைவு வில்லின் வளைவே. அடுத்து, உறுப்பின் பெயரான கோடு என்பதே வளைவைக் குறிப்பது. இறுதியாக, உலகின் பிற பகுதிகளிலும் மிகப் பழைய யாழ் வடிவம் இதுவாகவே உள்ளது. எளிய வடிவம் பழையது, ஆனால் பழையது புதியது வந்தவுடன் மறைந்துவிடுவதில்லை. உழவுப் பொறி வந்தபின்னும் ஏர் இருப்பதுபோல் வில்யாழும் பேரியாழும் அடுத்தடுத்த நிலங்களில் வாழ்ந்தன என்று கொள்வது பொருந்தும்.

உறுப்புகள்

பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய நான்கு ஆற்றுப்படைகளும் யாழின் உறுப்புகளை விளக்குகின்றன. புலவர்கள் உவமைகளால் கூறியதால், கருவியைக் காணாதவரும் அதன் நிறத்தையும் வடிவத்தையும் மனத்தில் வரைந்துகொள்ள முடிகிறது.

பத்தர்: ஒலியைப் பெருக்கும் மரக்கலம். முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை இதை மானின் குளம்பு பதிந்த தடத்துக்கு ஒப்பிடுகிறது. நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்த வடிவம் என்பது இதன் பொருள்.

பச்சை அல்லது போர்வை: பத்தரை மூடிய தோல். இதன் நிறம் பொருநராற்றுப்படையில் விளக்கின் சுடருக்கும், பெரும்பாணாற்றுப்படையில் பாதிரிப்பூவின் உட்புறத்துக்கும், சிறுபாணாற்றுப்படையில் குமிழின் பழத்துக்கும் ஒப்பிடப்படுகிறது. மூன்றும் மஞ்சளும் செம்மையும் சார்ந்த நிறங்கள். தோலைப் பதப்படுத்திச் சாயமேற்றும் தொழில் வளர்ந்திருந்ததை இவை உணர்த்துகின்றன.

ஆணி: தோலைப் பத்தரோடு பொருத்தத் துளைகளில் இறுக்கியது. வளைக்குள் இருக்கும் நண்டின் கண்ணைப்போல் இருந்தது என்கிறது பொருநராற்றுப்படை.

வறுவாய்: பத்தரின் திறந்த வாய். எட்டாம் நாள் பிறை போன்ற வடிவம் உடையது, உள்நாக்கு இல்லாதது என்று ஒரு புலவரும், நீர் வற்றிய சுனைபோல் இருள் நிறைந்தது என்று இன்னொருவரும் கூறுகின்றனர்.

கோடு அல்லது மருப்பு: வளைந்தெழும் தண்டு. படமெடுத்துத் தலை நிமிர்ந்த பாம்புக்கு ஒப்பிடப்படுகிறது. கருநிறமானது.

திவவு: நரம்பைக் கோட்டில் பிணிக்கும் வார்க்கட்டு. பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்களைப் போன்றது.

நரம்பு: முறுக்குத் தெரியாதபடி திரிக்கப்பட்டது. இச்சொல்லின் முதற்பொருள் விலங்கின் உடற்பகுதி ஆதலால், தொடக்கத்தில் விலங்கிலிருந்து பெற்ற பொருளால் நரம்புகள் செய்யப்பட்டிருக்கலாம்.

இவற்றுள் திவவு தனிக் கவனத்துக்கு உரியது. சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் திவவைத் தளர்வதும் இறுகுவதுமாகிய உறுப்பாகக் கூறுகின்றன. நல்லூர் நத்தத்தனார் அதைக் குரங்கு ஒன்று பாம்பைப் பிடித்த நிலைக்கு ஒப்பிடுகிறார். பாம்பு சுற்றி இறுகும், பின் நெகிழும். இதிலிருந்து, திவவு வெறும் கட்டன்று, சுருதி சேர்க்கும் உறுப்பு என்பது விளங்குகிறது. கட்டை மேலும் கீழும் நகர்த்தியோ திருகியோ நரம்பின் இழுப்பை மாற்றியுள்ளனர். முறுக்காணி இல்லாத காலத்தின் தொழில்நுட்பம் இது. நரம்பை முறுக்கும் மாடகம் என்னும் உறுப்பு பின்னர் வந்த நூல்களில் இடம்பெறுகிறது.

வகைகளும் நரம்புகளும்

சங்கப் பாடல்களில் பேரியாழ், சீறியாழ் என்னும் இரு வகைகள் தெளிவாக உள்ளன. பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர், சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர். கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லச் சீறியாழ் ஏற்றது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் காலத்தில் நால்வகை யாழ்கள் பேசப்பட்டன. அவர் எடுத்துக்காட்டும் பழைய செய்யுளின்படி பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள். மகரயாழுக்கும் சகோடயாழுக்கும் வேறு எண்ணிக்கை கூறுவாரும் உண்டு.

7, 14, 21 என்பவை ஏழின் மடங்குகள். ஏழு நரம்பு ஒரு தாயிக்கும், பதினான்கு இரண்டு தாயிக்கும், இருபத்தொன்று மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தாயிக்கும் பொருந்தும். வில்யாழில் கைக்கு எட்டியபடி கட்டிய நாண்கள், இசை இலக்கணத்துக்கு ஏற்ப எண்ணிக் கட்டிய நரம்புகளாக மாறியதே யாழின் தொடக்க வளர்ச்சியில் மிகப் பெரிய படி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் பதினான்கு நரம்புகளில் சுரங்களை நிறுத்தும் முறை கூறப்படுகிறது. கானல்வரிப் பகுதியில் பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்னும் எட்டு வாசிப்பு முறைகள் வரிசையாக வருகின்றன. சுருதி சேர்ப்பது முதல் விரைந்து வாசிப்பது வரை ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்ததால், பயிற்றுமுறை ஒன்று நிலைபெற்றிருந்தது என்பது உறுதி.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் விதிகள் இருந்தன. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், போட்டிக்கு வந்த சீவகன் தன்னிடம் தரப்பட்ட கருவிகளை ஒவ்வொன்றாகக் குறை கூறி ஒதுக்குகிறான். நீரில் ஊறி அழுகிய மரம், இடி விழுந்த மரம், வெந்த மரம் முதலியன இசைக்கு ஆகா என்கிறான். கதையில் இது சீவகனின் திறமையைக் காட்டும் காட்சி. வரலாற்றில் இது கருவி செய்யும் தச்சரின் அறிவு காப்பியத்தில் பதிவான இடம்.

உலகின் பிற யாழ்கள்

வளைந்த யாழ் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மெசொப்பொத்தேமியாவின் மிகப் பழைய எழுத்துப் பலகைகளில் இவ்வடிவக் குறி காணப்படுகிறது. ஊர் நகர அரச கல்லறைகளில் லியோனார்டு வூல்லி 1920களில் அகழ்ந்தெடுத்த நரம்பிசைக் கருவிகள் ஏறத்தாழ 4500 ஆண்டுகள் பழமையானவை. எகிப்தியக் கல்லறை ஓவியங்களிலும் வளைந்த யாழ் உண்டு.

கிரேக்கத்தின் லைரா வேறொரு வழியில் வளர்ந்தது. அதில் வளைந்த ஒற்றைக் கோடு இல்லை. இரு கைகள் மேலெழ, அவற்றின் குறுக்கே ஒரு சட்டம் இருக்கும். நரம்புகள் அச்சட்டத்திலிருந்து இறங்கும். குழந்தைத் தெய்வமான எர்மீசு, ஆமையின் ஓட்டில் மாட்டுத்தோலைப் போர்த்து, ஆட்டுக்குடலால் ஏழு நரம்பு கட்டி இதைச் செய்தான் என்பது கிரேக்கரின் கதை. அந்தக் கதையிலும் மேய்ச்சல் நிலமும் திருடிய மாட்டு மந்தையும் வருகின்றன. தமிழ் இடையனும் கிரேக்கத் தெய்வமும் கைக்கெட்டிய பொருளிலேயே கருவி செய்தனர் என்பது கருதத்தக்கது. பின்னாளில் லைரா என்னும் பெயர், வில்லால் இழுத்து வாசிக்கும் முற்றிலும் வேறான கருவிக்கு மாறியது. கிரீட் தீவில் அக்கருவி இன்றும் அப்பெயரோடு உள்ளது. பெயர் நிலைக்கக் கருவி மாறுவது வீணையின் வரலாற்றிலும் நிகழ்ந்தது.

தமிழ் யாழுக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு மியான்மரின் சௌங் கௌக். படகு போன்ற பத்தர், மான்தோல் போர்வை, வளைந்தெழும் கோடு ஆகியவை அதிலும் உண்டு. நரம்புகளைக் குஞ்சம் வைத்த பருத்திக் கயிறுகளால் கோட்டில் பிணித்து, அக்கட்டுகளைத் திருகிச் சுருதி சேர்ப்பது அதன் மரபு முறை. திவவு எப்படி வேலை செய்தது என்பதை அறிய விரும்புவோர் இக்கருவியைப் பார்த்தால் போதும். மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்களின் பாடகர்களான பர்தான்களிடமும், ஆப்கானித்தானின் நூரித்தான் மலைப்பகுதியிலும், உகாண்டாவிலும் வளைந்த யாழ்கள் நீடித்துள்ளன.

வீணை என்னும் சொல்

பழைய வடமொழி நூல்களில் வீணை எனப்பட்டதும் தொடக்கத்தில் வளைந்த யாழே ஆகும். பரத நாட்டிய சாத்திரம் ஏழு நரம்புடைய சித்திரா, ஒன்பது நரம்புடைய விபஞ்சி ஆகிய வீணைகளைக் கூறுகிறது. பார்கூத், சாஞ்சி, அமராவதி ஆகிய இடங்களின் பௌத்தச் சிற்பங்களில் வளைந்த யாழை மடியில் வைத்து வாசிக்கும் உருவங்கள் உள்ளன. அமராவதிச் சிற்பங்களின் ஒரு பகுதியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். குப்த மன்னன் சமுத்திரகுப்தனின் பொற்காசில் மன்னன் வாசிப்பதும் இவ்வகைக் கருவியே. கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1930இல் எழுதிய கட்டுரையில் பழைய வீணையின் உறுப்புகளை ஆராய்ந்து அது யாழ் வகையைச் சேர்ந்தது என்று விளக்கினார்.

பின்னர் கோல் வடிவிலான, நரம்பை விரலால் அழுத்தி வாசிக்கும் கருவிகள் பெருகின. அவற்றுக்கும் வீணை என்ற பெயரே வழங்கிற்று. மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சியில் வீணை வாசிப்போரையும் யாழ் வாசிப்போரையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். ஆகவே அவர் காலத்தில் இரண்டும் அருகருகே இருந்த இரு வேறு கருவிகள். சீவக சிந்தாமணியிலோ இரு சொற்களும் ஒரே கருவிக்கு மாறி மாறி வருகின்றன. பழைய பாடல்களில் வீணை என்ற சொல்லைக் கண்டவுடன் இன்றைய சரசுவதி வீணையை நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மறைவு

யாழ் மறைந்ததற்கு இசை சார்ந்த காரணமும் சமூகம் சார்ந்த காரணமும் உண்டு.

முன்தூண் இல்லாத யாழில் ஒரு நரம்பை இறுக்கினால் கோடு சற்றே வளைந்து மற்ற நரம்புகள் தளரும். நரம்புகளை மிக இறுக்கமாகக் கட்ட முடியாது. ஆகவே ஒலியும் அளவோடு இருக்கும். நரம்பை அழுத்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை வீணையில் இயல்பாகச் செய்வதுபோல் யாழில் செய்ய இயலாது. குரலின் நெளிவுகளைக் கருவியிலும் எதிர்பார்க்கும் இசைமுறை வளர வளர, மெட்டுள்ள வீணை முன்னுக்கு வந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றை இந்தப் பின்னணியில் படிக்கலாம். திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் வாசித்து உடன்சென்ற அவர், தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகத்தைக் கருவியில் அடக்க முடியாமல் யாழை உடைக்க ஓங்கினார் என்றும், சம்பந்தர் அதைத் தடுத்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. பக்தர்களுக்கு இது இறையருளின் கதை. இசை வரலாற்றுக்கு இது குரலும் கருவியும் பிரியத் தொடங்கிய இடத்தின் நினைவு.

சமூகக் காரணம் பாணர்களின் வாழ்வோடு தொடர்புடையது. சங்க காலத்தில் பாணர் மன்னனின் அவையில் அமர்ந்து உண்டனர், பொற்றாமரை பெற்றனர். புறநானூற்றுப் பாடல் ஒன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரைச் சிறந்த குடிகளாக எண்ணுகிறது. அடுத்த சில நூற்றாண்டுகளில் நிலை மாறியது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையிலும் திருவாரூரிலும் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்ததாகவும், திருப்பாணாழ்வார் அரங்கனின் கோயிலுக்குள் செல்லாமல் காவிரிக் கரையில் நின்று பாடியதாகவும் அடியார் வரலாறுகள் கூறுகின்றன. அவர்களை இறைவன் உள்ளே அழைத்தான் என்பதே அக்கதைகளின் முடிவு. அழைக்க வேண்டியிருந்தது என்பதே அவை சொல்லும் வரலாறு. கருவியை அறிந்த குடி தாழ்த்தப்பட்டபோது கருவியும் ஆதரவிழந்தது.

ஆயினும் அறிவு அவர்களிடமே தங்கியிருந்தது. தேவாரப் பாடல்களின் ஏடுகள் கிடைத்தபின் அவற்றுக்குரிய பண்கள் தெரியவில்லை என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரே பண்களை வகுத்துத் தந்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளுடன் வீணை இன்றைய வடிவம் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அதற்குள் யாழ் நூல்களில் மட்டுமே இருந்தது.

மீட்பு

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும் பதிப்பித்தார். ஏடுகள் அச்சேறியதால் யாழ் பற்றிய வருணனைகளும் உரைகளும் அனைவருக்கும் கிடைத்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் பழந்தமிழ் இசையின் சுருதி முறையை விரிவாக ஆராய்ந்தார்.

யாழையே பொருளாகக் கொண்டு எழுந்த பெருநூல் சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூல். மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அறிவியலும் கணக்கும் கற்றவர் ஆதலால், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, வில்யாழ் முதல் சகோடயாழ் வரையான கருவிகளின் அமைப்பை விளக்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் இந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19 அன்று அவர் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் இலக்கிய வருணனைகளைக் கொண்டு யாழை மீண்டும் செய்யும் முயற்சிகள் நடைபெறுகின்றன. சென்னையில் தருண் சேகர் செய்துவரும் யாழ்கள் மேடைகளிலும் இசைப் பதிவுகளிலும் ஒலிக்கின்றன. இவை பழைய கருவியின் அச்சுப்படிகள் அல்ல. முறுக்காணிகளும் இக்கால நரம்புகளும் கொண்டவை. எனினும் கோடு, பத்தர், தோல், நரம்பு என்னும் நான்கு உறுப்புகளும் பொருநராற்றுப்படை சொன்ன வரிசையிலேயே அவற்றில் உள்ளன.